பார்த்தாச்சு என்று காட்டும் பெட்டி

டீகோடர் பழுதாகிவிட்டது என்று என் மனைவி முதலில் சொன்னபோது நான் நம்பினேன். சில வாரங்கள் கழித்து, நம்ப விரும்பினேன். கடைசியில், அது பழுதாகத்தான் இருக்க வேண்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். டீகோடர் சரியாக இருந்தால் பழுது வேறெங்கோ இருக்கிறது என்று பொருள். பிள்ளைகள் வெளியூருக்குப் போய்விட்ட அந்த வீட்டில் நாங்கள் இருவர்தான்.

எங்கள் வீடு ஈப்போவில், வரிசை வீடுகளில் கடைசி வீடு. கூரையில் டிஷ், வரவேற்பறையில் பதிவு செய்யும் டீகோடர். மனைவி ஒரே ஒரு தொடரைப் பார்ப்பாள். ஒரு பெரிய வீடு, இரண்டு மருமகள்கள், யாரும் திறக்காத ஒரு மாடி அறை. அது ஒளியேறும் நேரத்தில் அவள் அடுப்படியில் இருப்பாள். ஆகவே பதிவாகும். மறுநாள் காலை, நான் பள்ளி அலுவலகத்துக்குக் கிளம்பிய பின் உட்கார்ந்து பார்ப்பாள்.

“ஏங்க, இது ரோசாக்கா போச்சு லா,” என்றாள் ஒரு மாலை; கெட்டுப்போனதை மலாயில் ரோசாக் என்பார்கள். “பழசையே காட்டுது. நேத்து உள்ளத பதிவே பண்ணல.”

நான் மழையைக் குற்றம் சொன்னேன். டிஷ் வைத்திருக்கும் எவரும் அதைத்தான் சொல்வார்கள். பிற்பகலில் சுண்ணாம்பு மலைகளின் பக்கமிருந்து மழை கனத்து இறங்கினால் படம் கட்டம் கட்டமாக உடையும், பிறகு திரை கறுத்துவிடும். அந்த நேரத்தில் பதிவானதெல்லாம் நடுவில் ஓட்டையோடு இருக்கும். அது மழைக்காலம் வேறு. அவளும் ஒத்துக்கொண்டாள். “மழ வெட்டிருச்சு” என்பது வீட்டில் ஒரு பேச்சாகிப் போனது. குழம்பில் உப்பில்லை என்றால், மழ வெட்டிருச்சு. துணி ஊறவைத்ததை மறந்தால், மழ வெட்டிருச்சு. சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். நானும் சிரித்தேன்.

அந்தத் தொடர் அவளுக்காக மட்டும் பதிவாகவில்லை. அவளுடைய தங்கை தெலுக் இந்தானில் இருக்கிறாள். பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், பிளாஸ்டிக் சாமான் கடை போடுகிறவள். மாலையானால் லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவாள். தொடர் பார்க்க நேரமில்லை. ஆகவே பார்த்ததை அக்கா தொலைபேசியில் சொல்ல வேண்டும், தங்கை கேட்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, விடுமுறை நாள் தவிர, இது நடக்கும். உனக்கும் ஒரு டீகோடர் வாங்கித் தருகிறேன் என்று தங்கையிடம் ஒருமுறை சொன்னேன். அவள் வேண்டாம் என்றுவிட்டாள். “அக்கா சொன்னாத்தான் அத்தான் அது கத. டிவில பாத்தா சும்மா அழுவுறாளுங்க,” என்றாள்.

இந்தப் பழக்கம் டிவியை விடவும் பழையது என்று சொல்ல முடியாது, டிவியோடு வந்தது. இருவரும் தாப்பாவுக்குத் தெற்கே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். தோட்டத்து மண்டபத்தில் ஒரே ஒரு டிவி. தமிழ்ப் படம் போடும் நாளில், படுத்த படுக்கையாக இருந்த தாயாரோடு யாராவது ஒருத்தி வீட்டில் இருந்தாக வேண்டும். ஒருத்தி போவாள், திரும்பி வந்து மற்றவளுக்கு முழுப் படத்தையும் சொல்வாள். யார் போவது என்பதில் சண்டை வந்ததுண்டு. சொல்வதில் ஏமாற்றியதில்லை என்று இருவரும் சொல்வார்கள். இப்போது அந்தத் தோட்டத்தில் ரப்பர் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்துவிட்டது, மண்டபமும் இல்லை. கதை சொல்வது மட்டும் நிற்கவில்லை.

மழைக்காலம் முடிந்தது. வெயில் கொளுத்தியது. புல் காய்ந்தது, வாசல் செடிகளுக்கு நான் காலையும் மாலையும் தண்ணீர் விட வேண்டியிருந்தது. அப்படி ஒரு நாள் மாலை, வாளியோடு உள்ளே வந்தபோது, மனைவி ரீமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்: “மழ வெட்டிருச்சுங்க. மறுபடியும் பழசுதான்.”

நான் வாளியைக் கீழே வைத்தேன். வானத்தில் மேகமில்லை என்று சொல்லவில்லை. புதுசு வாங்கிவிடலாம் என்றுதான் சொன்னேன்.

எந்தப் பொருள் வாங்கினாலும் நான் முறையாகத்தான் வாங்குவேன். மின்விசிறி வாங்கும்போது இறக்கை திரும்பும் சத்தத்தைக் கேட்டு வாங்கியவன். ஆகவே பழைய டீகோடரைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, டிஷ் பொருத்தும் கடைக்குப் போனேன். எங்கே கெட்டிருக்கிறது என்று தெரிந்தால்தான் எதை வாங்குவது என்று தெரியும். கடைக்காரர் என் வயதுக்காரர், வாயாடி. என்னை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, டீகோடரை அங்கிருந்த டிவியில் இணைத்துப் பார்த்தார். பதிவுகளைத் திறந்து திறந்து ஓட்டினார். மாடி அறை, இரண்டு மருமகள்கள், அழுகை, விளம்பரம். ஒன்று விடாமல் எல்லாம் இருந்தன. எதிலும் ஓட்டை இல்லை.

“பெட்டிக்கு ஒரு காய்ச்சலும் இல்ல அண்ணே,” என்றார். “நம்ம ஆளுங்க ரீமோட்ட தப்பா அமுக்கிட்டு டீகோடர ஏசுவாங்க.”

இன்னொரு முறை பாருங்கள் என்றேன். பார்த்தார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. வேலை தெரியாத ஆள் என்று நினைத்துக்கொள்ள முயன்றேன், முடியவில்லை.

வந்ததற்குப் புது டீகோடர்களைக் காட்டச் சொன்னேன். ஒன்று, பதிவுகளைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்வது. இடம் நிறைந்தால் பழையதை அழித்துக்கொள்ளும். எங்கள் பழைய டீகோடரின் தம்பி மாதிரி, ரீமோட்டில் பொத்தான்கள் அதே இடத்தில் இருந்தன. இன்னொன்று, பதிவுகளை நிறுவனத்தின் பக்கம் வைத்துவிட்டு இணையம் வழியாகக் கொண்டுவருவது. கெடு முடிந்தால் அவர்களே எடுத்துவிடுவார்கள். மூன்றாவது எல்லாவற்றிலும் புதியது. ரீமோட்டில் பொத்தானே இல்லாத மாதிரி இருந்தது. பார்த்து முடித்த பதிவுக்குப் பக்கத்தில் ஒரு சரிக் குறி போட்டு, எழுத்தை மங்கலாக்கிக் காட்டும். அது எதற்கு என்று கேட்டேன். எங்கே விட்டோம் என்று மறந்து போகிறவர்களுக்கு என்றார். நான் அந்தப் பக்கம் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

வீட்டில் மனைவி கேட்டாள், கடைக்காரர் என்ன சொன்னார் என்று. டீகோடர் பழசு, இனி அதை நம்ப முடியாது என்று சொன்னார் என்றேன். அவள் தலையாட்டிவிட்டு, துண்டைப் பிரித்து டீகோடரைத் துடைத்து, பழைய இடத்தில் வைத்தாள்.

கடையில் கொடுத்த விளம்பரத் தாள்களை மேசையில் பரப்பிப் பழைய ரீமோட்டையே ஒத்த முதலாவதை வாங்கலாம் என்று எடுத்துச் சொன்னேன். கைக்குப் பழகியது, கஷ்டம் இருக்காது. அவள் மூன்றாவது தாளை எடுத்துக்கொண்டாள். புதியதுதான் வேண்டும் என்றாள். எனக்கு விளங்கவில்லை. கைப்பிடி போன சட்டியைக் கூடத் துணி சுற்றிப் பிடித்துச் சமைக்கிறவள் அவள்.

மறுநாள் தங்கை பள்ளி அலுவலகத்துக்கே அழைத்தாள். அவள் அங்கே என்னை அழைத்ததே இல்லை. நான் தனியாக இருக்கிறேனா என்று கேட்டாள். அலுவலகப் பையன்கள் இருந்தார்கள். வெளியே நடைபாதைக்குப் போய்க் கைப்பேசியில் திரும்ப அழைத்தேன்.

“அத்தான், அந்த மாடி ரூம்பு கதவ தொறந்துட்டாங்கல்ல,” என்றாள். “அத அக்கா எனக்கு இந்த வாரம் பூரா சொல்லுது. தெனம் புதுசா சொல்ற மாரி. மொதல்ல வெளாடுதுன்னு நெனச்சேன். அப்புறம் என்ன சொல்றதுன்னு தெரியல. நானும் ‘அப்புறம்?’ ‘அப்புறம்?’னு கேட்டுக்கிட்டே இருந்துட்டேன்.”

அவள் அழவில்லை. லாரியில் எதை முதலில் ஏற்றுவது என்று யாரோ கேட்கும் குரல் பின்னால் கேட்டது. அழைத்ததற்கு நன்றி என்றேன் நான், அலுவலகத்துக்கு வந்த பெற்றோர் ஒருவரிடம் சொல்வது போல.

அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், எப்படித் தொடங்குவது என்று யோசித்தேன். டாக்டரைப் பார்ப்போம் என்பதா, தங்கை பேசினாள் என்பதா? தேவைப்படவில்லை. மனைவி மேசையில் விளம்பரத் தாளோடு உட்கார்ந்திருந்தாள். நான் உட்கார்ந்ததும் சொன்னாள்.

“டீகோடர் கெடலன்னு எனக்குத் தெரியும்.”

எப்போதிலிருந்து என்று கேட்டேன். மழை நின்றதிலிருந்து என்றாள். பார்க்கத் தொடங்கிப் பாதியில்தான், இந்தச் சேலையைப் பார்த்திருக்கிறேனே என்று தோன்றுமாம். கதை தோன்றாது, சேலை தோன்றும். பிறகு எது பார்த்தது எது பார்க்காதது என்று பட்டியலில் மேலும் கீழும் போய்க் கடைசியில் ஏதோ ஒன்றைப் பார்ப்பாளாம்.

தெரிந்தும் ஏன் புதுசு கேட்டாய் என்றேன்.

“புதுசுன்னா எல்லாரும்தான் தடுமாறுவாங்க. நானும் தடுமாறுனா யாருக்கும் தெரியாதுல்ல.”

 கடைக்காரர் என்ன சொன்னார் என்று அவள் மறுபடியும் கேட்டாள். இந்த முறை சொன்னேன். நான் ஏன் மாற்றிச் சொன்னேன் என்று அவள் கேட்கவில்லை. தங்கை என்னை அழைத்ததையும் சொன்னேன். அதற்குத்தான் அவளுக்குக் கோபம் வந்தது. உடனே தங்கையின் கைப்பேசிக்கு அழைத்தாள். நான் எழுந்து போகப் பார்த்தேன், இருக்கச் சொன்னாள்.

“சொன்னதயே சொன்னா, சொன்னேன்னு சொல்லு,” என்றாள் தங்கையிடம். “நா ஒண்ணும் சின்னப் புள்ள இல்ல, நீ உம் கொட்ட.”

அதன் பிறகுதான் டீகோடரைப் பற்றி முடிவெடுத்தோம். அவள் காரணம் மாறியிருந்தது, பொருள் மாறவில்லை. அதே மூன்றாவதுதான். சரிக் குறி போடுகிறதாமே, அதுதான் வேண்டும் என்றாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறேனே, பார்த்தது எது என்று, என்றேன்.

“வேணாம். பாத்தாச்சுன்னு அதுவே சொல்லட்டும். நீங்க சொன்னா எனக்கு அழுவ வரும்.”

கடைக்காரரே வந்து பொருத்தினார். பழைய டீகோடருக்கு என்ன குறை என்று என்னிடம் கேட்கவில்லை. ரீமோட்டைப் பழக அவளுக்குச் சில நாள் பிடித்தது. எனக்கு அதைவிட அதிகம். டாக்டரிடமும் போனோம்; அவர் கேட்க வேண்டியதைக் கேட்டார். கடிகாரம் வரையச் சொன்னார், தலையைப் படமெடுக்கச் சொன்னார். நோய்க்கு இன்னும் ஒரு பேர் சொல்லவில்லை; அடுத்த முறை வரச் சொல்லியிருக்கிறார். மனைவி டாக்டரிடம் தானே பேசினாள். தொடரைப் பற்றிச் சொன்னாள், மழையைப் பற்றிச் சொல்லவில்லை. இப்போது வீட்டில் யாரும் மழ வெட்டிருச்சு என்று சொல்வதில்லை.

சரிக் குறி நன்றாகத்தான் வேலை செய்தது. காலையில் குறியில்லாததைத் திறப்பாள், பார்ப்பாள், குறி விழும். மதியம் தங்கையிடம் சொல்வாள். தங்கை சில நேரம், “இது நேத்து சொன்னது லா” என்பாளாம். மனைவி, “சரி” என்று அடுத்ததற்குப் போவாளாம். அப்படியே கொஞ்ச காலம் ஓடியது.

போன சனிக்கிழமை காலை அவள் பக்கத்து வீட்டு அக்காவோடு சந்தைக்குப் போயிருந்தாள். முந்தின மாலை நல்ல மழை. புது டீகோடர் மழையில் எப்படிப் பதிவு செய்திருக்கிறது என்று சோதித்துப் பார்க்க எனக்குத் தோன்றியது. வெள்ளிக்கிழமைப் பதிவைத் திறந்தேன். கொஞ்சம் பார்த்து நிறுத்தத்தான் நினைத்தேன். இளைய மருமகள் மாடியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துவந்ததால் முடிவுவரை உட்கார்ந்துவிட்டேன். ஒரு கட்டமும் உடையவில்லை. திருப்தியோடு அணைத்துவிட்டு வாசலைக் கூட்டப் போனேன்.

அவள் வந்து, கீரையை வைத்துவிட்டு டிவியைப் போட்டாள். நான் உள்ளே வந்தபோது அவள் ரீமோட்டை மடியில் வைத்து அசையாமல் உட்கார்ந்திருந்தாள். திரையில் பட்டியல். வெள்ளிக்கிழமை மங்கலாகி, பக்கத்தில் சரிக் குறி.

அந்தக் குறி யார் பார்த்தது என்று சொல்லாது. இவ்வளவு விசாரித்து வாங்கிய எனக்கு அது தோன்றவே இல்லை.

“நான்தான் பார்த்தேன்,” என்றேன். “நீ சந்தைக்குப் போனப்ப. மழையில சரியா பதிவாச்சான்னு பாக்க.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“நெசமாவா? இல்ல, கடக்காரரு சொன்னாருன்னு அன்னிக்குச் சொன்னீங்களே, அந்த மாரியா?”

சத்தியம் செய்யலாம். அன்றைக்கும் கேட்டிருந்தால் செய்திருப்பேன். அதை இருவரும் அறிவோம். வேறு வழி ஒன்றுதான் இருந்தது. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்து, வெள்ளிக்கிழமைக் கதையைச் சொல்லத் தொடங்கினேன். எனக்குக் கதை சொல்ல வராது. கூட்டக் குறிப்பு வாசிக்கிற மாதிரி வரிசையாகச் சொன்னேன்: மூத்தவள் வெளியே போகிறாள், இளையவள் மாடிக்குப் போகிறாள், பெட்டியை எடுக்கிறாள், படியில் மாமனார் நிற்கிறார். யார் என்ன சேலை கட்டியிருந்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொண்டேன்.

படியோடு நிறுத்தினேன். அவள் திரையைப் பார்த்தபடியே இருந்தாள்.

“அப்புறம்?” என்றாள்.

தெரியாமல் கேட்கிறாளா, என்னைச் சோதிக்கிறாளா என்று அவள் முகத்தில் தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை. மாமனார் பெட்டியைக் கேட்டதையும் இளையவள் கொடுக்க மறுத்ததையும், விடாமல், பார்த்தபடியே சொன்னேன்.