செபஸ்தியாரின் பாதம்

அழுகிய மீன்செதிலும் ஈரச் சாக்கும் சேர்ந்த நாற்றம், நாங்கள் "லோங்கான்" என்று சொன்ன திறந்த சாக்கடையிலிருந்து எழுந்து, பினாங்கு ஜார்ஜ் டவுனில் நாங்கள் பூசைக்குப் போகும் வழியெல்லாம் கூடவே வரும். அந்தச் சாக்கடையை வாரித் தள்ளும் சூசையம்மாளும் எங்கள் கோயிலுக்குத்தான் வருவாள். ஆனால் அவளுக்கு வாசலோரத்தில் தனிப் பாய்.

எனக்குப் பத்து வயதில் வந்த செபஸ்தியார் திருநாளன்று, அம்பு தைத்த அவருடைய சுரூபத்தைக் காட்டி அத்தை, "பாஞ்ச எடத்துல ரத்தமா வந்துச்சு? பன்னீருல்ல வந்துச்சு," என்றார். பிரெஞ்சுக்காரரான பங்குச் சாமியார் அன்று பிரசங்கத்தில் வேறுவிதமாகச் சொன்னார். செபஸ்தியாரைப் பற்றி உறுதியாகத் தெரிவது கொஞ்சம்தான். ரோமாபுரியில் வேதத்துக்காக இறந்தார், ஊருக்கு வெளியே அடக்கம் செய்தார்கள். பழைய கதையில்கூட அம்பு அவரைக் கொல்லவில்லை. தடியால் அடித்துக் கொன்று, உடலைச் சாக்கடையில் எறிந்தார்களாம்.

ஆண்கள் முகத்தைச் சுளித்தார்கள். பூசை முடிந்ததும் சூசையம்மாள் எழுந்து, "சாமி, சாக்கடையிலேர்ந்து அவர எடுத்தது யாரு?" என்று கேட்டாள்.

"ஒரு பெண் என்று சொல்கிறார்கள்," என்றார் சாமியார்.

அவள் நேராக முன்னே வந்து, சுரூபத்தின் பாதத்தில் முத்தமிட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனாள்.

சாமியார் உள்ளே போகும்வரை காத்திருந்த அத்தை, ஒரு வாளித் தண்ணீரும் சவுக்காரமும் கொண்டுவந்து, துணியை என் கையில் கொடுத்தார். "நல்லா அழுத்தித் தொடை. நாத்தம் போகணும்லா." பாதத்தில் நாற்றமே இல்லை, மெழுகுவர்த்தி வாசனைதான் இருந்தது. ஆனாலும் மூக்கைச் சுளித்துக்கொண்டு, வர்ணம் உரியும்வரை தேய்த்தேன்.

அதன்பிறகு சூசையம்மாள் கோயிலுக்கு வரவில்லை. ஒருநாள் எங்கள் வீட்டு முன்னால் சாக்கடை வாரிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "பாப்பா, நீதான் தொடச்சியாமே?" என்று கேட்டாள். குரலில் கோபமில்லை. உள்ளே ஓடிப்போய், அவள் என்னைத் தொடாதபோதும், கையைக் கழுவினேன்.

எத்தனை நாற்றங்களையோ மறந்துவிட்டேன். அன்று கழுவிய என் கையின் நாற்றம் மட்டும் இன்னும் போகவில்லை. இப்போது சாக்கடைகளை மூடிவிட்டார்கள், தனிப் பாயையும் எடுத்துவிட்டார்கள், அந்தச் சுரூபம் எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. "ஆமாம், நான்தான்" என்று சொல்ல எனக்குத் துணிவு வந்தபோது, கேட்க அவள் இல்லை.