காசு வாங்காத பல்கலைக்கழகம்

பல்கலைக்கழக அனுமதி மேசையில் இருப்பவர்களுக்கு ஒரு சாபம் உண்டு: விண்ணப்பம் போடுவது பிள்ளை, விளக்கம் கேட்பது தகப்பன். டென்மார்க்கின் ஓல்போர்க்கில் அந்த மேசையில் இருந்த ஒரே தமிழ் முகம் நான். இலவசமானதை இலவசம் என்று நம்பவைக்க நீங்களும் எங்காவது தொண்டைத்தண்ணி வற்றக் கத்தியிருந்தால், நாம் ஒரே இனம். இலங்கையில் யுத்தம் முடிந்த அந்த வருடம் எனக்கு வாய்த்தவர் தவராசா அண்ணை.

பற்றுச்சீட்டு

அண்ணைக்கு இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. மகள் ஆரணி ஜிம்னேசியம் என்கிற மேல்நிலைப் பள்ளியில் உயர்தரம் படிக்கும்போதே எங்களிடம் வந்து ஒரு கணிதப் பாடத்தைப் படித்துச் சித்தியடைந்திருந்தாள். அப்படிப் படித்ததைப் பிறகு சேரும்போது கழித்துவிடுவோம். அதற்கு மெரிட் என்று பெயர்.

அண்ணை வந்ததும் கேட்டது, அந்தப் பாடத்துக்குக் காசு கட்டிய பற்றுச்சீட்டு எங்கே என்று. காசே வாங்கவில்லை என்றேன். சரி, இனிப் படிக்கப்போகும் வருடங்களுக்கு? அதற்கும் இல்லை என்றேன். மகள் பிறந்த நாளிலிருந்து ஓவர்டைம் செய்து சேர்த்த காசை என்ன செய்வது என்று தெரியாமல் மனுஷன் கதிரையில் சாய்ந்துவிட்டார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“தங்கச்சி, காசு வாங்காத இடத்திலை பிள்ளையைச் சேர்க்கிறதெண்டா யோசிக்கத்தான் வேணும்.”

சம்பளம்

அடுத்த முறை, படிக்கிற பிள்ளைக்கு அரசாங்கமே மாதாமாதம் உதவிப்பணம் தரும் என்று விளக்கினேன். மேசையைச் சுற்றி வந்து என் கணினித் திரையை எட்டிப் பார்த்தார்.

“இதை ஊரிலை சொன்னா என்னைப் பொய்யன் எண்டுவினம்.”

டொக்டர்

மூன்றாம் முறை ஆரணியும் வந்தாள். அண்ணைக்கு மகள் டொக்டராக வேண்டும். மருத்துவத்துக்குப் போனால் இந்தக் கணித மெரிட்டைக் கழிக்க இடமில்லை, அது வீண்தான் என்றேன். “கொஞ்சம் பாத்துச் செய்யுங்கோ” என்றார், நான் மரக்கறி நிறுக்கிறவள் மாதிரி.

ஆரணி டேனிஷில் பேசினாள். கணக்கில் தனக்கு ருசி காட்டியதே போருக்குள் அகப்பட்ட வன்னியிலிருக்கும் மச்சாள் மதுராதானாம். மதுரா அண்ணையின் அக்காவின் மகள். இருவரும் தொலைபேசியிலேயே கணக்குப் போடுவார்களாம். தைப்பொங்கலுக்குப் பிறகு அந்தத் தொலைபேசி அடிக்கவில்லை. அண்ணை என் பக்கம் திரும்பிச் சொன்னார்:

“அவள் கணக்கையே படிக்கட்டும் தங்கச்சி. டொக்டரை நான் மருமகனாப் பிடிக்கிறன்.”

காலியான கதிரை

மே மாதம் யுத்தத்தோடு எல்லாம் முடிந்தது. அந்த வாரம் எங்கள் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டோம். வேலைக்குப் போனேனே தவிர, என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். சில நாட்கள் கழித்து அண்ணை தனியே வந்தார். முகம் சவரம் செய்யப்படவில்லை. “அக்கா இல்லை. மதுரா இருக்கிறாள், முகாமிலை” என்றார்.

பிறகு வந்த விஷயத்தைக் கேட்டார். ஆரணி அந்த ஒரு பாடத்தை முடித்துவிட்டாள் அல்லவா? செப்டம்பரில் அந்த வகுப்பில் அவளுடைய கதிரை சும்மாதானே கிடக்கும்? அதை மதுராவுக்குக் கொடுக்க முடியாதா? இத்தனை வருடத்தில் இப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. எங்கள் வீடுகளில் ஒருத்திக்கு மிஞ்சியது அடுத்தவளுக்கு. சட்டை என்றாலும் சரி, சைக்கிள் என்றாலும் சரி. சட்டத்தில் அப்படி இல்லையே.

கதிரையைக் கைமாற்ற முடியாது என்றேன். முகாம் வாசல் திறந்து, சான்றிதழும் விசாவும் கிடைத்தால் மதுரா தானே விண்ணப்பிக்கலாம் என்றேன். ஆனால், என்று இழுத்தேன். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் கட்டணம் கட்ட வேண்டும், அதுவும் பெரிய தொகை. அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

அண்ணை கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்து, ஆரணிக்குச் சேர்த்த ஓவர்டைம் காசு அப்படியே கிடக்கிறது என்று சொல்லி என்னைக் கும்பிட்டார்.

“அப்பாடா, கடைசியிலை காசு வாங்கிற ஒரு இடத்தைக் கண்டுபிடிச்சிட்டம்.”

இலவசம் என்று சொல்லி முறைப்பையும், கட்டணம் உண்டு என்று சொல்லிக் கும்பிட்டையும் வாங்குகிற உத்தியோகம் உலகத்தில் இது ஒன்றுதான்.