தேனீப் பெட்டிகளோடு ஒட்டன்சத்திரத்துக்கு

மாசி மாதத்து அதிகாலை, மணி 4.40. அவனியாபுரத்தில் எங்கள் தோட்டத்து வாசலில் லாரி புறப்படத் தயாராக நின்றது. நாற்பது தேனீப் பெட்டிகளின் வாசலை முந்தின நாள் மாலையே கம்பி வலையால் அடைத்து, ஏற்றிக் கட்டியிருந்தோம். ஒட்டன்சத்திரம் பக்கம் முருங்கை பூத்துக் கிடந்தது. நூறு கிலோமீட்டர் தூரம். வெயில் ஏறுவதற்குள் போய்த் திறந்துவிட வேண்டும். போன வருடம் நான் பிடித்த வேன் வழியில் நின்றுபோய், ஆறு பெட்டித் தேனீக்கள் அடைபட்ட சூட்டிலேயே செத்துப்போயின. அந்த வாடை இன்னும் எனக்கு மறக்கவில்லை.

டிரைவர் பாண்டி அண்ணனுக்கு ஐம்பது வயதிருக்கும். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவித் துடைத்து மறுபடி விட்டுப் பார்த்தார். ரேடியேட்டரில் தண்ணீர் பார்த்தார், ஃபேன் பெல்ட்டை அழுத்தினார். பிறகுதான் ஸ்டார்ட் செய்தார். வெள்ளைப் புகை கக்கி லாரி உறுமியது. நான் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அவரோ ஆக்சிலேட்டரைத் தொடவேயில்லை.

போகலாமா என்று கேட்டேன்.

“ஏர் ஏறட்டும் தங்கச்சி. அது ஏறாம எடுத்தா பிரேக் பிடிக்காது.”

ஏர் அளவு காட்டும் முள் மெல்ல ஏறியது. புகையின் வெளுப்பு குறைந்து, என்ஜின் சத்தமும் சீரானது. இனிக் கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். அவர் கீழே இறங்கி, லாரிக்கு அடியில் குனிந்தார். வெகுநேரம் எழவில்லை. நானும் இறங்கிப் போய்ப் பார்த்தேன். ரேடியேட்டரின் கீழ்க்குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. ஆறிக் கிடந்தபோது தெரியாத வெடிப்பு, சூடேறியதும் வாய் திறந்துவிட்டது.

மெதுவாக ஓட்டிப் போய்விட முடியாதா என்றேன். என் குரல் எனக்கே கெஞ்சலாகக் கேட்டது.

“போகலாம். வாடிப்பட்டி தாண்டி நட்ட நடு ரோட்டுல நிக்கும். உள்ள இருக்கது அம்புட்டும் உசுரு. நிக்கிறதா இருந்தா இங்கன நிப்போம்.”

என்ஜினை அணைத்துச் சூடு தணியக் காத்திருந்தோம். நான் பெட்டிகளின் மேல் ஈரச்சாக்கு விரித்தேன். பெட்டிக்குள் இரைச்சல் கூடிக்கொண்டே இருந்தது. சூடு தணிந்ததும் அண்ணன் சீட்டுக்கு அடியிலிருந்து புதுக்குழாயை எடுத்து மாட்டினார். தண்ணீர் நிரப்பினார். மறுபடி ஸ்டார்ட் செய்து, மறுபடி அதே நிதானத்தில் சூடேற்றினார். குழாயைச் சுற்றி விரலை ஓட்டி, உலர்ந்த விரலை என்னிடம் காட்டினார். அவசரத்தில் தவித்துக்கொண்டிருந்த எனக்கு அந்த விரலைப் பார்த்ததும்தான் மூச்சு வந்தது.

மணி 6.05க்குக் கிளம்பினோம். விளாங்குடியில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பரவை மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டிகள் இறங்கிக்கொண்டிருந்தன. வாடிப்பட்டியில் பதினைந்து ரூபாய்க்கு டீ. அங்கேயும் அவர் டம்ளரோடு லாரிக்கு அடியில் குனிந்து ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் குடித்தார். பச்சை வயல்களுக்கு நடுவே லாரி ஒரே சீராக ஓடியது.

8.50க்கு முருங்கைத் தோப்பு. வெயில் சுள்ளென்று அடிக்க ஆரம்பித்திருந்தது. நான் குதித்து இறங்கி வலைகளைப் பிரிக்க ஓடினேன். அவர் உடனே என்ஜினை அணைக்கவில்லை. ஓடி வந்த சூடு மெல்லத் தணியட்டும் என்று இரண்டு நிமிடம் ஓடவிட்டார். வீட்டில் என் ஸ்கூட்டரை நான் ஒரு நாளாவது இப்படிக் குனிந்து பார்த்ததுண்டா என்று யோசித்தேன்.

பிறகு என்ஜின் நின்றது. அந்த அமைதியில், நாற்பது பெட்டிகளும் ரீங்கரிப்பது கேட்டது.