நண்டும் மாப்பிள்ளையும்

மாமாவுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது நான் ஆறாம் வகுப்பு. அம்மாவின் தம்பியான அவர் மஞ்சக்குப்பத்தில் எங்களோடுதான் இருந்தார். அவருடைய மீசைக்கு வீட்டில் தனி மரியாதை உண்டு. அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவனாம்பட்டினத்தில் நண்டு வாங்கிக்கொண்டு வரும் வழியில், பையிலிருந்து ஒரு நண்டு வெளியே வந்து அவர் காலருகே நகர்ந்தது. மாமா வண்டியை ஓரங்கட்டி ஸ்டாண்ட் போட்டார். நண்டு ரோட்டில் இறங்கியது. மாமா சீட்டின் மேல் ஏறிவிட்டார். பின்னால் உட்கார்ந்திருந்த நான்தான் இறங்கி அதைப் பிடித்துப் பையில் போட்டேன்.

அன்று சாயங்காலமே அதை வரைந்தேன். சீட்டின் மேல் வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி மாமா, கீழே கொடுக்கைத் தூக்கியபடி நண்டு. மாமா கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். ஆனால் பள்ளியில் டிராயிங் சார், உனக்கு மனிதர்கள் வரவில்லை, கையெல்லாம் கோணுகிறது, பேசாமல் சீனரி போடு என்று சொல்லியிருந்தார். சீனரி என்றால் இரண்டு மலை, நடுவில் சூரியன். கடலூரில் கண்ணுக்கெட்டிய தூரம் அப்படிக் கூரான மலை கிடையாது. இருந்தும் வகுப்பே மலைதான் வரைந்தது.

கல்யாணம் பெண் வீட்டாரின் ஊரான சிதம்பரத்தில். மாப்பிள்ளையின் நண்பர்கள் மண்டப வாசலில் பேனர் கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். மாப்பிள்ளைக்குக் கூலிங்கிளாஸ் மாட்டி, பக்கத்தில் ஒரு சிங்கத்தையும் நிறுத்திவிடுவார்கள். வேனிலிருந்து இறங்கிப் பார்த்தால் சிங்கத்தைக் காணோம். என் நண்டு இருந்தது. ஆளுயரத்துக்கு மாமா, அதே கோணல் கையோடு. கீழே என் பெயர் வேறு.

வருகிறவர்களெல்லாம் நின்று பார்த்துச் சிரித்தார்கள். பெண்ணின் அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து பார்த்தார், அவரும் சிரித்தார். சார் சொன்னது சரிதான், கையைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று எனக்கு அவமானமாக இருந்தது. என்னால் மாமாவுக்கும் தலைகுனிவு. மாப்பிள்ளை அறைக்கு ஓடினேன்.

"மாமா, அத கழட்ட சொல்லுங்க. எல்லாரும் சிரிக்கிறாங்க."

"சிரிக்கத்தான பாப்பா கட்டியிருக்கோம்" என்றார் மாமா, மீசையைச் சீவிக்கொண்டே.

என்னைச் சமாதானப்படுத்துவதற்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன். தாலி கட்டும்போது நான் சாப்பாட்டுக் கூடத்தில், அடுக்கி வைத்த நாற்காலிகளுக்குப் பின்னால் அழுதுகொண்டிருந்தேன்.

அதன்பிறகு பல வருடம் மனிதர்களையே வரையவில்லை. மலைகளுக்கு இரண்டு மூன்று பரிசுகூட வாங்கினேன். கல்லூரியில்தான் மலை அலுத்துப்போய், வீட்டு ஆட்களை மறுபடி வரைய ஆரம்பித்தேன். இப்போது அதுவே என் பிழைப்பு. ஆனாலும் யாராவது என் படப் புத்தகத்தைப் புரட்டிச் சிரித்தால், சந்தோஷப்படுவதற்கு முன்னால் எட்டி, எந்தப் பக்கம், கை சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.

போன மாதம் பேச்சுவாக்கில் இதை அத்தையிடம், அதாவது அன்றைய மணப்பெண்ணிடம் சொன்னேன். அவர் வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"பொண்ணு பாக்க வந்தப்ப உங்க மாமா ஒரு வார்த்த பேசல. போட்டோவுல பாத்தா அந்த மீசதான் தெரியுது. மண்டபத்து வாசல்ல கார விட்டு எறங்குறேன், திரும்பி ஏறிக்கலாமான்னு இருந்துச்சு. அந்தப் படத்த பாத்துட்டுதான்டி, சரி, இவருகூட இருந்துக்கலாம்னு உள்ள வந்தேன்."