அரைப்பேர்

நான் என் பேத்தியைப் பொய்க்காரி ஆக்கினேன். அவள் சொன்னதோ உண்மை.

அப்போது பவித்ராவுக்கு ஒன்பது வயது. அவளுடைய அம்மாவுக்குக் கொழும்பில் வேலை. வட்டவளையில் அவள் என் பொறுப்பு. தலைவலி என்று பாடசாலையிலிருந்து பாதியில் வந்துவிடுவாள். வாந்தி எடுப்பாள். இருட்டறையில் ஒரு தூக்கம். எழுந்தால் துள்ளிக் குதிப்பாள்! எனக்கு அதுவே போதிய சாட்சி.

தேயிலைத் தோட்டத்தில் பாதியில் வேலையை விட்டால் கிடைப்பது அரைப்பேர். அதாவது அரை நாள் சம்பளம். ஓய்வுபெற்ற பாடசாலை அதிபரான நான், அக்கம்பக்கம் கேட்க அவளை வரவேற்பேன்:

"வாங்க மேடம், இன்னைக்கும் அரைப்பேரா?"

எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்திருப்பீர்கள்... நான் நன்றாகப் பேசக்கூடியவன்.

லீவு விண்ணப்பம் முதல் ஒழுக்காற்று விசாரணை வரை எல்லா நடைமுறையும் எனக்கு அத்துப்படி. பிள்ளை வலிக்கிறது என்றால் நம்பு என்று மட்டும் ஒரு சுற்றறிக்கையும் வந்ததில்லை.

ஹட்டனில் ஒரு டொக்டரிடம் கூட்டிப் போனேன். எதற்கு? நடிப்பு என்று அவர் வாயால் கேட்க!

"தூங்கி எழும்புனா போயிருது டொக்டர். இது என்ன வருத்தம்?"

"அதுதான் சேர் மைக்ரேன். சின்னப் பிள்ளைங்களுக்குத் தூங்குனாலே போயிரும்." பிறகு அவளிடம் குனிந்தார். "தொடங்குனதுமே சொல்லிரணும் மகள். அப்பதான் மருந்து கேக்கும்."

இன்று அவளை நீங்கள் பார்க்க வேண்டும்! காலைச் சாப்பாட்டைத் தவறவிட மாட்டாள். தண்ணீர்ப் போத்தல் இல்லாமல் படியிறங்க மாட்டாள். வலி தலைகாட்டியதுமே டீச்சரிடம் சொல்லி, டொக்டர் சொன்ன அளவில் மருந்தெடுத்து, படுத்தெழுந்து வகுப்புக்குத் திரும்பிவிடுவாள்.

போன மாதம் புதிதாக வந்த டீச்சர், "நடிக்கிறியா?" என்று கேட்டாராம்.

"சரியாயிட்டா பொய்யாயிருமா டீச்சர்? ஒங்களுக்குக் காய்ச்சல் விட்டதே இல்லையா?" என்றாளாம் இவள்!

அந்த டீச்சரே ரோட்டில் நிறுத்தி, "ஒங்க பேத்தி வாய் இருக்கே சேர்..." என்று சிரித்தார். என் நெஞ்சு நிமிர்ந்தது. அந்த வாய் யாருடையது? என்னுடையதல்லவா!

ஆனால் பாருங்கள், இதையும் டீச்சர் சொல்லித்தான் நான் அறிய வேண்டியிருந்தது. வலித்தால் டீச்சரிடம் சொல்கிறாள், போனில் அம்மாவிடம் சொல்கிறாள், பக்கத்து வீட்டு அம்மாவிடம் சிங்களத்தில்கூடச் சொல்கிறாள்...

நேற்று அவள் அறைக்கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே திரையை இழுத்துவிட்டு, விளக்கும் போடாமல் கிடந்தாள்.

"என்னம்மா, தலை வலிக்குதா?"

"இல்லங்க தாத்தா. படிக்கிறேன்."

சத்தமில்லாமல் கதவைச் சாத்தினேன். வேறென்ன செய்ய முடியும், சொல்லுங்கள்?