செல்லையாவுக்கு நின்ற பிணை

பதுளை நீதிமன்றத்தில் என் கைத்தொலைபேசி சினிமாப் பாட்டுப் பாடியதால் ஒரு நாள் சிறையில் இருந்தேன். அங்கே இடமில்லாமல் எல்லோரும் முறைவைத்துத்தான் படுத்தார்கள். பசறைத் தோட்டத்துச் செல்லையா தன் முறையை என் தொந்திக்கு விட்டுக்கொடுத்தார்.

“படுங்க சார். தெனம் காலையில பெரட்டுல, வேலைக்குப் பேர் கொடுக்க வரிசையா நின்னு பழகின காலு.”

தோட்டத்தில் அனுமதியில்லாமல் விறகு வெட்டியதாக அவர்மீது வழக்கு.

“பிணை கிடைக்கலையா?”

“கெடச்சிருச்சுங்க. ஆனா பிணை நிக்கிற ஆளுக்குச் சொந்த வீடு வேணுமாம். தோட்டம் குடுத்த லயத்து அறையில இருக்கிற எங்கள்ல யாருக்குங்க இருக்கு?”

மறுநாள் விடுதலையானதும் என் வீட்டு உறுதிப் பத்திரத்தை எடுத்துப்போய்ப் பிணை நின்றேன். சிறை வாசலில் அவர் மனைவி அவரைத் திட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

வீடில்லாதவரை உள்ளேயே வைத்திருக்கும் இந்த முறை மாறத்தான் வேண்டும். ஆனாலும், மழைக்கு ஒழுகும் என் வீடு ஒருவரையாவது அவர் வீட்டுக்கு அனுப்பியதில் எனக்குப் பரம திருப்தி.