வலைக்கு அந்தப் பக்கத்துக் கோழிகள்

குழித்துறைக்குப் பக்கத்தில் பிராய்லர் கோழி வளர்க்கிறோம். குஞ்சும் தீவனமும் கம்பெனி தரும். கொட்டகையும் பாடும் எங்களுடையது. நான் கீழாநெல்லி, பூண்டு, மஞ்சள் மூன்றையும் கிரைண்டரில் அரைத்துக் குடிதண்ணீரில் கலந்து கொடுத்தேன். கோழிகள் நன்றாகத் தின்றன, கனத்தன. கம்பெனி சூப்பர்வைசர் நம்பவில்லை.

"நடுவுல வலை கெட்டுங்க எக்கா. ஒரு பக்கம் இலைத்தண்ணி, மறுபக்கம் வெறுந்தண்ணி. இலைத்தண்ணிப் பக்கம் எடை கூடினா நான் இனி வாயே தெறக்க மாட்டேன். கூடலைன்னா அந்தக் கிரைண்டரைத் தூக்கித் தூரப் போட்டிரணும்."

அடுத்த குஞ்சுகள் வந்ததும் என் வீட்டுக்காரர் வலை கட்டினார். கறாரான ஆள். "ஏட்டி, அந்தப் பக்கம் ஒரு சொட்டு போவப்பிடாது, கேட்டியா?"

மூன்றாவது வாரம் மழை பிடித்துக்கொண்டது. வெறுந்தண்ணீர்க் கோழிகள் தீனியைச் சரியாகத் தொடவில்லை. கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு வலையோரம் வந்து நின்றன. என் பேச்சு ஜெயிக்க வேண்டும் என்று இதுகள் ஏன் வாடவேண்டும்? எனக்கு ஆத்திரம் என் மேலேயே வந்தது. இலைத்தண்ணீரை அந்தப் பக்கமும் ஊற்றினேன். தினமும் ஊற்றினேன்.

எடை போட்டபோது இரண்டு பக்கமும் ஒன்று. சூப்பர்வைசர் சிரித்தான். "பாத்தியளா எக்கா, இலை குடிச்ச கோழியும் குடிக்காத்த கோழியும் ஒண்ணுபோலத்தான் இருக்கு."

"குடிக்காத்த கோழி இஞ்ச ஒண்ணும் இல்ல" என்றேன்.

வீட்டுக்காரர் குதித்தார். "ஒனக்குக் கிறுக்கா ஏட்டி? ஜெயிக்க வேண்டியதை நீயே தோத்திட்டியே!"

"பின்ன, அதுக வாடுததைப் பாத்துட்டுக் கையைக் கெட்டிட்டு நிக்கவா?"

அடுத்த தடவையும் வலை கட்டினோம். வெறுந்தண்ணீர்ப் பக்கம் வீட்டுக்காரர் பொறுப்பு. நான் அங்கே கால் வைக்கக்கூடாது. வைக்கவும் இல்லை.

மறுபடியும் மழை. ஒரு காலையில் கட்டன்சாயா டம்ளரை வாங்கக் கை நீட்டினார். பூண்டு வாடை அடித்தது. விரல்நுனி எல்லாம் மஞ்சள். முகத்தைப் பார்த்தேன்.

"சும்மா இரி" என்றார். "கொஞ்சம்போலத்தான் ஊத்தினேன்."

அந்தத் தடவையும் எடை ஒன்றாகவே வந்தது. சூப்பர்வைசர் வீட்டுக்காரர் கையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "ஒங்க ரெண்டு பேரையும் வச்சு ஒரு சோதனையும் நடக்காது" என்று அவனே வலையை அவிழ்த்தான். கிரைண்டரைத் தூரப் போடச் சொல்லவில்லை.

சொல்லியிருந்தாலும் போட்டிருக்க மாட்டேன்.